காது பார்க்கிற வீடு

பிறந்த குழந்தையின் காதைப் பார்த்து, அது வளர்ந்தால் என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்வதில் என் அம்மாவை அடித்துக்கொள்ளப் புனேயின் கட்கியில் ஆள் கிடையாது. பிறக்கிற குழந்தை எல்லாம் ரோஜாப்பூ மாதிரிதான் இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது என்பாள். காது மடலின் மேல் விளிம்பை ஆள்காட்டி விரலால் வலிக்காமல் முன்பக்கம் மடக்கி, பின்னால் தெரிகிற தோலைப் பார்க்க வேண்டும். அப்புறம் நகக்கண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கிற நிறம்தான் சில மாதத்தில் உடம்பு முழுக்க இறங்கும். இது அம்மாவின் சாஸ்திரம்.

அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி புனேவுக்கு வந்தபோது அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. காது பார்க்கத் தெரிந்திருந்தது. அம்மா நல்ல கறுப்பு. காய்கறிக் கடையில் இவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் இவள் பக்கம் திரும்புவார்கள். ஆனால் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், தமிழர், மராட்டியர், பஞ்சாபி என்கிற வித்தியாசம் இல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அங்கே மட்டும் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். தன் தோலை வைத்துத் தன்னைக் கீழே உட்கார வைத்த ஊரில், மற்றவர் தோலைப் பற்றிச் சொல்லித்தான் அவள் மேலே ஏறி உட்கார்ந்தாள். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அம்மா விவரமாக எதுவும் சொல்ல மாட்டாள். காது வெளுப்பாக இருந்தால் "கவலை இல்ல" என்பாள். கறுத்திருந்தால் "நல்லா இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான் தீர்ப்பு. "கவலை இல்ல" என்றால் அந்த வீட்டில் பேடா கொடுப்பார்கள். "நல்லா இருக்கட்டும்" என்றால் டீ மட்டும் வரும்.

நான் பிறந்தபோது என் காதைப் பார்த்து என்ன சொன்னாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒனக்கு என்னத்தப் பாக்க? வெளிய வரும்போதே தெரிஞ்சு போச்சுல்லா," என்றாள்.

அதற்கப்புறம் நான் வளர்ந்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போன்ற பெண்கள் எல்லோருக்கும் அது ஒரே கதை. பள்ளிக்கூடத்தில் இந்திக்காரப் பிள்ளைகளுக்கு நான் 'காலி மத்ராசன்', கறுத்த மதராஸிக்காரி. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களுக்கு 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா'. முன்னதை நான் மன்னித்துவிட்டேன். பின்னதில் வருகிற அந்த 'இருந்தாலும்' என்பதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கல்யாணத்தன்று மேக்கப் போட வந்த பெண் என் முகத்துக்கு யாருடைய முகத்தையோ பூசிவிட்டுப் போனாள். கைக்குப் பூச நேரமில்லை. ஆல்பத்தில் மாலை மாற்றுகிற படத்தைப் பார்த்தால் முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது. என் கணவர் நல்ல நிறம். அது எனக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள்.

நான் உண்டாகியிருந்தபோது அம்மா குங்குமப்பூ வாங்கி அனுப்பினாள். பாலில் போட்டுக் கணவர் கொண்டு வந்து நீட்டுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் கிச்சன் தொட்டியில் ஊற்றிவிடுவேன். காஷ்மீரத்துப் பூவுக்கு என் பெண்ணின் தோலில் என்ன வேலை?

பெண்தான் பிறந்தாள். ரோஜாப்பூ மாதிரி இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா அவளை வாங்கி மடியில் வைத்து, நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் காதை மடக்கினாள். நகத்தைப் பார்த்தாள். மடக்கிய காதை மெல்ல விட்டாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள்.

"எவ்வளவு அழகா இருக்கா பாரேன்மா," என்றேன்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதாம்ட்டி."

உலகத்தில் எத்தனையோ பறவை இருக்கிறது. பழமொழிக்குக் கிடைத்தது காக்கை.

அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பேச்சு என்னோடு ஒழிய வேண்டும். என் பெண் காதில் இது விழவே கூடாது. அவள் முன்னால் கறுப்பு, சிவப்பு, வெளுப்பு, கலர், காலி, வெளுத்தவளுக்கு இந்தியில் சொல்கிற கோரி, மாநிறத்தவளுக்கு மராட்டியர்கள் மரியாதையாகச் சொல்கிற 'சாவளி', எதுவும் எந்த மொழியிலும் யார் வாயிலும் வரக் கூடாது. புகழ்ச்சியாகக் கூட வரக் கூடாது. இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மீறினால் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்றேன். என் கோபம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா மட்டும், "நான் வாயத் தச்சுக்கிடுதேன், போதுமா?" என்றாள். சொன்னபடியே தைத்துக்கொண்டாள்.

முதல் சில மாதங்கள் குழந்தை சிவப்பாகவே இருந்தாள். கம்பெனிகள் நிறைந்த ஹிஞ்சேவாடியில், கல்யாணத்துக்குப் பின் நாங்கள் இருந்த குடியிருப்பின் பூங்காவில் சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "இதன் அம்மா ஆபீஸ் போயிருக்கிறாளா? எங்கள் வீட்டுக்கும் உன்னை மாதிரி ஒருத்தி வேண்டும், யாராவது இருந்தால் சொல்லு," என்றார் இந்தியில். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். நான்தான் இதன் அம்மா, எனக்கு ஆபீஸில் பிரசவ விடுப்பு என்றேன். அந்த அம்மாள் முகம் செத்துப்போனது. அந்த நேரத்துக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதுவும் தோல்விதான் என்று புரிந்தது. தோல் மேல் விழுந்த அடியை மொழியைக் காட்டித் தடுத்தேன். இங்கிலீஷ் தெரியாத கறுப்பி என்ன செய்வாள்?

பிறகு, அம்மா சொன்னபடியே, காதிலிருந்து நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் கழுத்து, அப்புறம் நெற்றி, அப்புறம் கை. வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் குளிப்பாட்டுகிற நேரம் நீண்டுகொண்டே போனது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு மராட்டியப் பெண் வருவார், பாயி என்று கூப்பிடுவோம். நீட்டிய கால்களில் குழந்தையைப் படுக்க வைத்து, கடலை மாவும் பாலாடையும் பிசைந்து உருட்டி உருட்டித் தேய்ப்பார். விடுப்பு முடிந்து நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சமயம், ஒருநாள் குழந்தை வீறிட்ட வீறில் ஆபீஸ் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். முதுகெல்லாம் கன்றிப்போயிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மா மாவுக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய் மட்டும் தைத்தபடிதான் இருந்தது.

பாயியிடம் கத்தினேன். அவர் பதறவில்லை. "முல்கீ ஆஹே நா, தாயி," என்றார். பெண் குழந்தையாயிற்றே அக்கா, என்று. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் பெண்ணுக்காகக் கவலைப்பட்டார். அந்தப் பரிவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து நானே குளிப்பாட்டினேன்.

அவள் நடக்க, ஓட, பேச ஆரம்பித்தாள். வீட்டுக்குள் தமிழ், லிப்டுக்குள் இந்தி, கீழே விளையாட்டில் மராத்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று நான்கையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புவாள். கறுத்த, துறுதுறுவென்ற பெண். கண்ணாடி முன்னால் நின்று ஆடுவாள். பார்க்கும்போதெல்லாம் எல்லோர் வாய்க்கும் நான் போட்ட பூட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் எதிர் பிளாட் காலியானது. அதைப் பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே படிக்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். லிப்டில் அவர்களில் ஒருத்தி என் மகளின் பின்னலைத் தொட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் அப்பாவிடம் ஓடி, "அப்பா, புது ஆன்ட்டி வந்தாங்க! என்னை மாதிரியே இருக்காங்க!" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! அந்தக் கட்டடத்தில் தன்னைப் போல ஒருத்தியை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை, என்னைத் தவிர.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லடா," என்றார் அவர் பதறிப்போய். "நீ அவ்வளவு இல்ல."

தடை செய்த வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை. 'அவ்வளவு' என்பதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? குழந்தையின் சந்தோஷம் அப்படியே வடிந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

அந்த வாரமே குடியிருப்போர் கூட்டம். அந்தப் பெண்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று பேசினார்கள். சத்தம் போடுவார்கள், சமையல் நாற்றம் வரும், யார் யாரோ வந்து போவார்கள். எங்கள் அப்பா வந்த காலத்தில் மதராஸிகளைப் பற்றிச் சொன்ன அதே குற்றப்பத்திரிகை, ஒரு வரி மாறவில்லை. ஒருவர் 'இப்படிக் கறுப்பாக...' என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்தி, "உங்களைச் சொல்லவில்லை பாபி," என்றார், அண்ணி என்கிற மரியாதையோடு. எல்லோரும் சிரித்தார்கள், ஆறுதலாக. நான் எழுந்து நின்று கத்தினேன். அந்தப் பெண்களுக்கு வீடு கிடைக்கவில்லை. கூட்டத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. அவர்களும் நிறம் குறைவுதான். வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் அவர்களும் உண்டு. தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்று தெரிந்தால் மனிதனுக்கு எவ்வளவு நிம்மதி!

போன வருடம் பள்ளியில் வகுப்புப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். என் மகள் வகுப்பில் குள்ளமான பிள்ளைகளில் ஒருத்தி. படத்தில் கடைசி வரிசையில், இரண்டு உயரமான பையன்களுக்கு நடுவில், நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

"நீ ஏன் பின்னாடி போய் நின்ன?"

"முன்னாடி ப்ரைட்டா இருக்கிறவங்கதாம்மா நிக்கணும்," என்றாள், எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல. "போட்டோ நல்லா வரணும்ல."

நான் தடை போட்ட வார்த்தைகளில் ப்ரைட் இல்லை. யார் சொன்னது என்று கேட்டதற்கு யாரும் சொல்லவில்லை, தெரியும் என்றாள். பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். அப்படியெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை மேடம் என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள்.

இந்த மே மாதம் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தம்பி மனைவி நல்ல சிவப்பு. ஊர் ஊராகத் தேடி அம்மா கொண்டுவந்த பெண். "நம்மளோட போகட்டும், இனி பொறக்கதாவது தப்பிக்கட்டும்," என்று அம்மா பெண் பார்த்துவிட்டு வந்த அன்று சொன்னாள். பேரப்பிள்ளையின் தோலுக்காக மருமகளைத் தேர்ந்தெடுத்தவள் என் அம்மா. அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டவளுக்குத்தான் தெரியும். பட்டது தெரிந்தும் மாற்று வழி தெரியாதவள் அவள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்கி வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவந்த அன்று நானும் மகளும் போயிருந்தோம். அவளுக்கு ஆறு வயது. வெயில் கொளுத்தியது. உள் அறையில் தம்பி மனைவி கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் தொட்டில். இங்கே பிறந்த குழந்தைக்கு ஜப்லா என்கிற தொளதொளச் சட்டையும் டோப்டாவும் போடுவார்கள். டோப்டா என்றால் காதை மூடி, தாடைக்குக் கீழே கயிறு கட்டுகிற குல்லா. ஆஸ்பத்திரி ஏசிக்காகப் போட்டது, கயிறு கட்டாமல் தலையில் இருந்தது. அம்மா சமையலறையில் பிரசவ மருந்து கிளறிக்கொண்டிருந்தாள். நான் அந்த அறை வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குல்லாவை ஒரு பக்கம் விலக்கினாள். ஆள்காட்டி விரலால் காது மடலின் மேல் விளிம்பை வலிக்காமல் முன்பக்கம் மடக்கினாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் அந்தச் சின்னக் கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

யாரும் இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா சத்தியம் தவறவில்லை. நான் வாயைத்தான் பூட்டினேன், கையைப் பூட்டவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும், ஒவ்வொரு தொட்டிலிலும், அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இவள் நின்றிருக்கிறாள்.

என் மகள் குல்லாவை இழுத்து இரண்டு காதையும் நன்றாக மூடினாள். கயிற்றை எடுத்து, ஷூ லேஸ் கட்டுவது போல நாக்கைக் கடித்துக்கொண்டு, முடிச்சுப் போட்டாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் வந்தார். நாங்கள் காகு என்று கூப்பிடுவோம். அவருடைய பிள்ளைகளுக்கும் அம்மாதான் காது பார்த்தவள். நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே, உன் அம்மாவைக் கூப்பிடு, காதைப் பார்த்துச் சொல்லட்டும்," என்றார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

என் மகள் தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நகோ," என்றாள் மராத்தியில். "பாளாலா தண்டி வாஜேல்." வேண்டாம், பாப்பாவுக்குக் குளிரும்.

காகு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "குளிரா? இந்த வெயில்லயா? ஏளா, இங்க அவனவன் வெந்துக்கிட்டு கெடக்கான்," என்று சொல்லி அவளை நகர்த்திவிட்டு முடிச்சை அவிழ்க்கப் போனாள். என் மகள் உள்ளே கையை விட்டுக் குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் ஆச்சி. ப்ளீஸ் ஆச்சி. பாக்காதீங்க."

"அம்மா, விட்டுரு," என்றேன். அதற்குள் குழந்தை அழ, தம்பி மனைவி எழுந்து உட்கார, அம்மா சின்னக் கைகளை விலக்கிக் காதை மடக்கிப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். மடக்கிய காதை மெல்ல விட்டாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள்.

தம்பி மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருந்தது. குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறதே, அது போதும் என்றார் காகு, துக்க வீட்டில் சொல்வது போல. அம்மா டீ போடப் போனாள். அடுப்பங்கரையில் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. தன்னை நினைத்து அழுதாளா, என்னையா, இந்தக் குழந்தையையா, தெரியவில்லை. நான் போய்க் கேட்கவில்லை. கத்துவதற்கு எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. இத்தனை வருடம் கத்தி என்ன ஆனது?

திரும்பி வரும்போது ஹிஞ்சேவாடி மேம்பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல நெரிசல். கம்பெனி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கேதான் என் மகள் கேட்டாள்.

"அம்மா, நான் குட்டியா இருந்தப்போ எனக்கும் டோப்டா போட்டியா?"

"போட்டேனே. மஞ்சள்ல, பூப்போட்டது."

"காது மூடியா?"

"ஆமாடா, காது மூடித்தான்."

அவள் யோசித்தாள். சின்ன விரலால் தன் காது மடலைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"அப்புறம் எப்படிம்மா எல்லாருக்கும் தெரிஞ்சுது?"

முன்னால் நின்ற வண்டிகள் நகரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.